மெசேஜ் வந்ததாலதான் தெரிஞ்சுச்சு
மருத்துவக் காப்பீட்டுல, பார்க்காத வைத்தியத்துக்கு பணம் கேக்குற போலி கிளைம்ங்கள கம்ப்யூட்டர் வச்சு கண்டுபிடிக்கிறத பத்தி எழுதியிருக்கீங்க, சரிதான், ஆனா வீட்டுக்கு நேர்ல வந்து விசாரிக்காம இது நிக்காதுங்க. எங்க பாம்பன் பக்கம் மீன்பிடி தடைக்காலத்துல ஆம்பளைங்க கரையில இருக்கப்போ இலவச கேம்ப்புன்னு வந்து, காப்பீட்டு கார்டு ஆதார் எல்லாம் வாங்கி கைரேகை வச்சுக்கிட்டு சத்து மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. தடைக்காலம் முடிஞ்சப்புறம் பார்த்தா எங்க மச்சான் பேர்ல ஆஸ்பத்திரியில அட்மிட்னு போனுக்கு மெசேஜ் வருது, அவரு அன்னைக்கு ராத்திரி கடல்ல நிக்கிறாரு, மீன்வளத்துறையில கடலுக்குப் போக அனுமதி டோக்கன் போட்டுட்டு போன படகு! அந்த டோக்கன் பதிவ ஒருத்தர் வந்து பார்த்தா போதுமே. ஆபரேஷன்னு எழுதியிருந்தா உடம்புல தழும்பு இருக்கான்னு பார்க்கலாம், நர்ஸ் எழுதுற சார்ட்டையும் மருந்து பில்லையும் ஒத்துப் பார்க்கலாம்.

2023ல அரசு கணக்க தணிக்கை பண்ற சிஏஜி அறிக்கையில, மத்திய அரசோட ஆயுஷ்மான் காப்பீட்டுத் திட்டத்துல 9999999999ங்கிற ஒரே நம்பர்ல கிட்டத்தட்ட 7.5 லட்சம் பேர் இருந்தாங்கன்னு வந்துச்சு, அப்ப மெசேஜ் யாருக்கு போகும் சொல்லுங்க? காப்பீடு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம்தான், அத எவனோ தின்னுட்டா நாளைக்கு நிஜமாவே நெஞ்சுவலி வந்தா என்ன பண்றது. தயவுசெஞ்சு இப்படி மெசேஜ் வந்தா அழிச்சிராதீங்க, முதலமைச்சர் காப்பீட்டுக்கு 1800 425 3993 இருக்கு, உடனே கூப்பிடுங்க.