பிள்ளையை யாரிடம் விடலாம் என்று கேட்டால், பெயரைச் சொல்லுங்கள்

லண்டனில் ஒரு தமிழ் வீட்டுக்குள், பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கும் சோசல் சேர்விஸ்காரர் வந்துவிட்டால், நாங்கள் முதலில் சொந்தக்காரருக்குத்தான் கதவை அடைக்கிறோம். அக்காவுக்குச் சொல்ல மாட்டோம். மச்சாளின் காதுக்குப் போகக்கூடாது. கோயிலில் யாரும் கேட்டால் பிள்ளை லீவுக்குப் போயிருக்கிறான் என்று சமாளிப்போம். இந்த மறைப்பால், பெரியம்மாவும் அம்மம்மாவும் உள்ள பிள்ளைகள் முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் வளர்கிறார்கள். வயிறு எரிந்துதான் இதை எழுதுகிறேன்.

"வெள்ளைக்காரன் பிள்ளையைப் பிடுங்கத்தான் வாறான்" என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பெற்றோரிடம் விட முடியாத பிள்ளையைக் கவுன்சில், அதாவது உள்ளூராட்சி நிர்வாகம், பொறுப்பேற்றால், பொருத்தமான உறவினரோ குடும்ப நண்பரோ இருக்கும்போது அவர்களுக்குத்தான் முன்னுரிமை கொடுக்க வேண்டும். பிள்ளையின் சமயத்தையும் மொழியையும் பண்பாட்டையும் கவனத்தில் எடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்த உறவினர் யார், எங்கே இருக்கிறார் என்பதை நாங்கள்தானே சொல்ல வேண்டும்?

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் பொதுவாக 26 வாரங்களுக்குள் முடிக்க வேண்டும். கேட்க நீண்ட காலம் போலத் தெரியும். அதற்குள் உறவினர் பற்றிய முதற்கட்ட மதிப்பீடு, பிறகு முழு மதிப்பீடு, பொலிஸ் பதிவு, மருத்துவ அறிக்கை, வீட்டில் அறை இருக்கிறதா, பெற்றோர் வந்து கதவைத் தட்டினால் இவரால் சமாளிக்க முடியுமா என்று எல்லாம் பார்த்தாக வேண்டும். கடைசி வாரங்களில் விசயம் கேள்விப்பட்டு ஓடிவரும் பெரியம்மாவுக்கு நீதிபதி நேரம் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். கைக்குழந்தை என்றால் தத்துக் கொடுப்பதுவரை கதை போய்விடும். கனடாவில் மாமா, பிரான்சில் சித்தி என்றாலும் அவர்களையும் மதிப்பிட வழி உண்டு. அதற்கு இன்னும் கூடுதல் காலம் பிடிக்கும்.

நான் படிப்பிக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த அண்ணன் தங்கை இருவர் திடீரென்று வராமல் போனார்கள். தாய்க்கு மனநோய், தகப்பன் குடி. அதே நகரத்தில், ஒரு பஸ் தூரத்தில், தாயின் அக்கா இருந்தார். மாதக்கணக்கில் அவருக்கு யாரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பிள்ளைகளை வைத்திருந்த, கவுன்சில் ஏற்பாடு செய்த வளர்ப்புத் தாய் நல்ல மனுசி, அவரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் பெரியம்மா முதன்முதலாகப் பார்க்கப் போனபோது, தமிழில் கேட்டதற்கெல்லாம் சின்னவள் தலையை மட்டும்தான் ஆட்டினாளாம்.

2024 மார்ச் முடிவில் இங்கிலாந்தில் கவுன்சில் பராமரிப்பில் 83,630 பிள்ளைகள் இருந்தார்கள். பெரும்பாலானோர் இருப்பது வளர்ப்புக் குடும்பங்களில். எங்கள் ஆட்கள் நினைப்பதுபோல அநாதை விடுதியில் அல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உறவினரோடு வளரும் பிள்ளைகளை 2021 குடிசன மதிப்பீட்டிலிருந்து கணக்கிட்டபோது ஏறக்குறைய 121,000 வந்தது. பேரப்பிள்ளையைத் தூக்கி வளர்ப்பது தமிழரிடம் மட்டும் இருக்கிற குணம் என்று பெருமை பேசுவோருக்காக இதைச் சொல்கிறேன்.

இனிக் கவுன்சில்களிடம் எனக்குள்ள கோபம். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஓர் அம்மம்மாவுக்குத் தொலைபேசி அழைப்பு வருகிறது. "இரண்டு பிள்ளைகளையும் இப்போதைக்கு வைத்திருங்கள், மற்றதைப் பிறகு பார்ப்போம்." எந்தப் பாட்டி மாட்டேன் என்பார்? வாரங்கள் போய் உதவித்தொகை கேட்டபோது வந்த பதில், இது உங்கள் குடும்பத்துக்குள் நீங்களே செய்துகொண்ட ஏற்பாடு என்பது. கட்டில் வாங்கியது அவர், பள்ளிச் சீருடை வாங்கியது அவர், வேலை நேரத்தைக் குறைத்ததும் அவர். அதே பிள்ளைகளைத் தெரியாத ஒருவர் வீட்டில் விட்டிருந்தால் வாராவாரம் பணம் போயிருக்கும்.

இது அநியாயம் என்று நீதிமன்றங்களே சொல்லியிருக்கின்றன. உறவினரான வளர்ப்புப் பெற்றோருக்குக் குறைத்துக் கொடுத்த மான்செஸ்டர் கவுன்சிலின் கொள்கை சட்டவிரோதம் என்று 2001இல் தீர்ப்பு வந்தது. பிள்ளையை ஒருவரிடம் விடுவதில் கவுன்சிலே முக்கிய பங்கெடுத்துவிட்டு, பிறகு அது தனிப்பட்ட ஏற்பாடு என்று கைகழுவ முடியாது என்று 2007இல் லண்டனின் சதக் (Southwark) கவுன்சில் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆகவே பிள்ளையைக் கையில் வாங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தச் சட்டப் பிரிவின் கீழ் இந்தப் பிள்ளை என்னிடம் வருகிறது? பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஸ்பெஷல் கார்டியன்ஷிப் ஆணை எடுக்கச் சொன்னால், உதவித்தொகை எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு என்பதை ஆணைக்கு முன்னரே பேசி முடியுங்கள். அந்த ஆணை பிள்ளைக்கு 18 வயதாகும்வரை பெரும்பாலான முடிவுகளை உங்கள் கையில் தருகிறது, நல்லதுதான். ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் யாழ்ப்பாணம் கூட்டிப்போவதென்றால் பெற்றோரின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ வேண்டும்.

சொந்தக்காரர் என்றால் எதற்கு இத்தனை விசாரணை என்று கேட்பவர்கள் விக்டோரியா கிளிம்பியை நினைக்க வேண்டும். நல்ல படிப்புக் கிடைக்கும் என்று நம்பி ஐவரி கோஸ்டிலிருந்து பெற்றோர் அனுப்பிய சிறுமி. கூட்டிவந்தவர் தகப்பனின் சித்தி முறையானவர். 2000 பெப்ரவரியில் லண்டனில் அந்த எட்டு வயதுப் பிள்ளை இறந்தபோது உடலில் 128 காயங்கள். சமூகசேவையும் பொலிசும் மருத்துவமனைகளும் பார்த்தும் பாராமல் விட்டதை 2003இல் லோர்ட் லேமிங்கின் அறிக்கை பக்கம் பக்கமாகச் சொன்னது. இரத்த உறவு பிள்ளைக்குக் காவல் என்று கண்ணை மூடிக்கொண்டு என்னால் சொல்ல முடியாது. உங்கள் வீட்டைப் பார்க்க வருபவர் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தால் கோபப்படாதீர்கள்.

நியூசிலாந்தில் மவோரி மக்களின் போராட்டத்தால் 1989இல் சட்டமான ஒரு முறை இங்கேயும் பல கவுன்சில்களில் இருக்கிறது. குடும்பத்தை ஒன்றுகூட்டி, அதிகாரிகள் வெளியே போய்விட, உறவினர்களே தனியாக இருந்து பிள்ளைக்கு ஒரு திட்டம் போடுவது. எங்களுக்கு இது புதிதே அல்ல, நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் கூடி இருந்து பேசுகிறவர்கள்தானே. ஒரே ஒரு பயம் எனக்கு உண்டு. எங்கள் கூட்டங்களில் பெரியவர்கள் பேச, அடிவாங்கிய பெண் தலைகுனிந்து இருப்பாள். "பொறுத்துப் போ பிள்ளை" என்று முடித்துவிடுவார்கள். அதனால் கூட்டத்தை ஒழுங்குசெய்பவரிடம் முன்கூட்டியே தாய் தனியாகப் பேச வேண்டும், வெளியாளான மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்க வேண்டும். மொழிபெயர்க்க மச்சானைக் கூட்டிப் போகவே கூடாது.

வளர்ப்புப் பெற்றோருக்குச் சமமான உதவித்தொகையை உறவினருக்கும் கொடுத்துப் பார்க்க, பத்து வரையான கவுன்சில்களுக்கு 40 மில்லியன் பவுண் ஒதுக்குவதாக அரசு 2024இல் அறிவித்தது. எனக்கு இது போதாது. பரீட்சித்துப் பார்க்க என்ன இருக்கிறது? பிள்ளைக்குச் சாப்பாடு எல்லாக் கவுன்சிலிலும் ஒரே சாப்பாடுதான்.

இதை வாசிப்பவர்களில் யாருக்காவது, நீதிமன்றத்துக்குப் போகப் போகிறோம் என்று கவுன்சிலிடமிருந்து கடிதம் வந்திருந்தால், பெற்றோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. சட்டத்தரணியிடம் போகும்போதே பெரியம்மா, சித்தப்பா, மாமி, அம்மம்மா, பிள்ளைக்கு நெருக்கமான குடும்ப நண்பர் என்று எல்லோருடைய பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். பேசாமல் விட்டு வருடமான அண்ணனின் பெயரையும் எழுதுங்கள்.