லான்ஸில் இருப்பது நகல்கள் அல்ல

பிரான்சின் லான்ஸ் நகரில், பழைய நிலக்கரிச் சுரங்க நிலத்தில் 2012 டிசம்பரில் திறக்கப்பட்ட லூவ்ர் அருங்காட்சியகக் கிளையில் வெறும் நகல்கள்தான் இருக்கின்றன, அசல்கள் எல்லாம் பாரிசில் என்று ஒரு கருத்து சுற்றுகிறது. கேட்க நம்பும்படிதான் இருக்கிறது, ஆனால் சரியில்லை. பாரிஸ் லூவ்ர் தன் அசல் படைப்புகளையே அங்கே கடனாக அனுப்பி, அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்கிறது. திறப்பின்போது சென்றவற்றில் ஒன்று பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவாவின் 'மக்களை வழிநடத்தும் சுதந்திரம்' என்ற ஓவியம். 2013 பிப்ரவரியில் ஒரு பார்வையாளர் அதில் மார்க்கர் பேனாவால் கிறுக்க, உடனே நிபுணர் வந்து அழித்தார். நகலுக்கு உலகச் செய்திகள் இப்படிப் பதறுமா என்ன!

நீங்களே சரிபார்க்கலாம். லூவ்ரின் இணையத் தொகுப்புப் பட்டியல் எல்லோருக்கும் இலவசம். ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு பதிவெண் உண்டு, இப்போது எங்கே இருக்கிறது என்ற குறிப்பும் இருக்கும். லான்ஸ் அருங்காட்சியகத்தில் எடுத்த ஒரு புகைப்படத்தில் படைப்பின் அருகே இருக்கும் பெயர்ப்பலகையைப் பாருங்கள். அதிலுள்ள எண்ணை அந்தப் பட்டியலில் தேடினால் போதும். அப்புறம், அந்தத் தெலக்ருவா ஓவியத்தை இப்போது லான்ஸில் தேட வேண்டாம், அது எப்போதோ பாரிசுக்குத் திரும்பிவிட்டது.