டேர்டெவில் நின்றதற்கு வில்லன் காரணமில்லை

சகோ, வில்லன் கிங்பினை யாருக்கும் பிடிக்கவில்லை, அதனால்தான் நெட்ஃபிளிக்ஸில் வந்த மார்வெல் தொடர் டேர்டெவிலை 2018-இல் நிறுத்தினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. அந்த அக்டோபரிலேயே அயர்ன் ஃபிஸ்ட்டையும் லூக் கேஜையும் நெட்ஃபிளிக்ஸ் நிறுத்திவிட்டது. நவம்பரில் டேர்டெவில். 2019 பிப்ரவரியில் பனிஷரும் ஜெசிகா ஜோன்ஸும். ஐந்து மார்வெல் தொடர்கள் வரிசையாக முடிந்தன. மற்ற நான்கிலும் கிங்பினா வில்லன்? மார்வெலின் உரிமையாளரான டிஸ்னி தன் சொந்த ஸ்ட்ரீமிங் தளத்தைத் தொடங்கத் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது.

அப்புறம், பிடிக்காத வில்லனை யாராவது திரும்பக் கூப்பிடுவார்களா? கிங்பினாக நடித்த அதே வின்சென்ட் டி'ஒனோஃப்ரியோ 2021-இல் ஹாக்கை தொடரில் வந்தார், 2025-இல் டேர்டெவில்: பார்ன் அகெயின் தொடரிலும் வந்தார்.

பெங்களூரு அல்சூரில் எங்கள் அறையில் நான்கு பேர் டேர்டெவில் முதல் சீசன் பார்த்தோம். கிங்பின் கார் கதவால் அடித்தே ஒருவனைக் கொல்லும் காட்சியில் பரோட்டாவைப் பிய்த்த கை அப்படியே நின்றுவிட்டது. அதே ஆள் பிறகு காலையில் தனியாக நின்று பொறுமையாக ஆம்லெட் போடுவான். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சிறுவனாக இருந்தபோது அவன் அப்பாவைச் சுத்தியலால் அடித்த கதை வரும்போது அறையில் யாரும் பேசவில்லை. உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், அது உங்கள் ரசனை. தொடர் நின்ற காரணத்தை மட்டும் அவன் தலையில் கட்டாதீர்கள்.