வீணைக்காரியைக் காணவில்லை

நேற்று ஒரே நாளில் மூன்று பேருக்குத் தொலைபேசியில் வழி சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. சிலிண்டர் கொண்டுவந்தவர், ஆட்டோ ஓட்டுநர், மதுரையிலிருந்து வந்த சித்தப்பா. சென்னை மந்தைவெளியில் முப்பது வருடமாக ஒரே தெருவில் குடியிருக்கிறேன். அப்படியொரு தெரு இருப்பதற்குத் தெருமுனையில் அத்தாட்சி இல்லை!

பெயர்ப்பலகை இருக்கிறது ஐயா, இல்லாமல் என்ன? அதன்மேல் ஒரு கண்ணீர் அஞ்சலி, அதன்மேல் ஒரு காதணி விழா, அதற்கும் மேல் ஆண்கள் விடுதியில் இடம் காலி. சுரண்டினால் தெருப்பெயரும் சேர்ந்து உரிகிறது. பொது இடங்களை இப்படி அலங்கோலப்படுத்தக்கூடாது என்று 1959-லேயே சட்டம் போட்ட மாநிலம் இது. பசை வாளிக்கு அது எட்டவில்லை.

கதவு எண்ணாவது கைகொடுக்குமா? பழைய எண் 14, புதிய எண் 31. அந்தப் 'புதிய' எண்ணே கிழடாகிவிட்டது. இன்னமும் வங்கியில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று.

இந்த லட்சணத்தில், சுவரொட்டியைத் தடுக்கிறோம் என்று ஓவியம் வேறு தீட்டினார்கள். எனக்கு ஓவியத்தின்மேல் கோபமில்லை. கண்ணகி நகர் போய்ப் பாருங்கள். நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்துக்கொண்டுபோய் விடப்பட்ட மக்கள் வாழும் அந்த அடுக்குமாடிச் சுவர்களில், 2020-இல், அந்தப் பகுதிப் பிள்ளைகளின் சிரிப்பையே மாடி உயரத்துக்கு வரைந்தார்கள். தண்ணீருக்கும் பேருந்துக்கும் அது பதிலாகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அது அவர்கள் முகம். எங்களுக்குக் கிடைத்தது என்ன? ஒரு ஜல்லிக்கட்டுக் காளை, ஒரு பனைமரம், மூக்கு கோணிய ஒரு வீணைக்காரி. மந்தைவெளியில் யார் காளை பிடிக்கிறார்கள்?

ஆனால் வேடிக்கை பாருங்கள், அந்த வீணைக்காரிதான் எங்கள் விலாசமானாள். "வீணை வாசிக்கும் அம்மா படம், அதற்கு அடுத்த இடதுபக்கம்" என்றால் எவரும் வந்து சேர்ந்தார்கள். போன மாதம் அந்த வீட்டை விற்றார்கள். சுவரோடு சேர்த்து இடித்து, தகரம் அடைத்து, வரப்போகும் அடுக்குமாடியின் பெயரைப் பத்தடி உயரத்தில் ஆங்கிலத்தில் மாட்டியிருக்கிறார்கள். அதற்கு இரவெல்லாம் விளக்கு எரிகிறது. தெருப்பலகை இருட்டில் நிற்கிறது.

சித்தப்பா மூன்றாம் முறையாக அழைத்தார். "வீணைக்காரியைக் காணோமே, எங்கேடா இருக்கிறாய்?"

கட்டிய லுங்கியோடு போய்த் தெருமுனையில் நின்றேன்.