பூஞ்சை பிடிக்காத புத்தகம்

(கோத்தகிரியில் ஐப்பசி மழை பத்து நாள் விடாமல் பெய்து அன்றுதான் ஓய்ந்திருக்கிறது. எழுத்தாளரின் புத்தக அலமாரிக் கதவு ஈரத்தில் உப்பித் திறக்க மறுத்ததால், தச்சர் இழைப்புளியோடு வந்திருக்கிறார்.)

எழுத்தாளர்: தம்பி, கொஞ்சம் விரைவாகத் திறந்து கொடுங்கள். ‘என் அலமாரியில் எனக்குப் பிடித்த நூல்கள்’ என்று ஒரு கட்டுரையை மாலைக்குள் இதழுக்கு அனுப்ப வேண்டும். நூல்களோ உள்ளே சிறைப்பட்டுக் கிடக்கின்றன.

தச்சர்: பிடித்த நூல்கள் என்றால் மனப்பாடமாகவே இருக்குமே, சார். அதற்குக் கதவு எதற்கு?

எழுத்தாளர்: அட்டையைப் பார்த்தால்தான் எனக்கு எழுத்து ஓடும்.

(கதவு திறக்கிறது. உள்ளிருந்து வந்த வாடையில் இருவரும் ஒருசேரத் தும்முகிறார்கள்.)

தச்சர்: சில்வர் ஓக் பலகையில் அலமாரி செய்து, பின்பக்கம் காற்றுப் போக ஒரு துளைகூட விடாமல் ஆணி அடித்து மூடிய புண்ணியவான் யார், சார்?

எழுத்தாளர்: நீங்கள்தான்.

தச்சர்: (சற்று யோசித்து) வேலையில் குறை சொல்வதற்கில்லை. சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைக்காமல் ஒட்டி வைத்ததும், இந்த ஊரில் துணி பீரோவுக்குக்கூட ஒரு குண்டு பல்பு எரியவிடும்போது புத்தகத்துக்கு இரண்டு அந்துருண்டை போதும் என்று நினைத்ததும்தான் தவறு. போகட்டும். இதோ வெள்ளை வெளேரென்று இருக்கிறதே, இது என்ன நூல்?

எழுத்தாளர்: கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. என் பட்டியலில் அதற்குத்தான் முதலிடம். தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்களை ஒரே மூச்சில் அடுக்கியிருக்கிறார்.

தச்சர்: நூறாவதாகப் பூஞ்சையும் பூத்திருக்கிறது, சார். நம் கற்பூர மரத்துப் பூவும் அந்தக் கணக்கில் உண்டா?

எழுத்தாளர்: அந்த யூகலிப்டஸ் மரத்தை வெள்ளைக்காரர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து இம்மலைக்குக் கொண்டுவந்ததே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான், கபிலருக்கு எப்படித் தெரியும்? அடுத்ததை எடுங்கள். அது ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’. நம் நீலகிரிப் படகர் வாழ்க்கையை, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சியைச் சாட்சியாக வைத்துச் சொல்லும் நாவல். என் உயிருக்கு நிகரானது.

தச்சர்: பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுப்பதைப் பார்த்தால், நீங்களும் இதைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் திறப்பீர்கள் போலிருக்கிறது.

எழுத்தாளர்: மலைக்காற்று அப்படி, தம்பி. இதைப் பாருங்கள், உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940இல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கி, 1942இல் அவர் மறையும்வரை வந்த வரலாறு, முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது.

தச்சர்: அவர் எழுதி முடிக்காவிட்டாலும் இராமபாணப் பூச்சி படித்து முடித்துவிட்டது, சார். முன்னட்டையில் நுழைந்து பின்னட்டை வழியாக வெளியேறியிருக்கிறது. அவர் என்ன வேலை பார்த்தவர்?

எழுத்தாளர்: (குரலைத் தாழ்த்தி) செல்லரித்துக் கிடந்த ஏட்டுச் சுவடிகளை ஊர் ஊராகத் தேடிப்போய்க் காப்பாற்றியவர். சீவக சிந்தாமணியை 1887இல் அவர் பதிப்பித்ததும் அப்படித்தான்.

(தச்சர் அந்த நூலையும் எழுத்தாளரையும் மாறி மாறிப் பார்க்கிறார். ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.)

தச்சர்: சரி, அலமாரியின் உடைந்த காலுக்கு அண்டை கொடுத்திருக்கும் இந்தக் கட்டு என்ன?

எழுத்தாளர்: என் கவிதைத் தொகுப்பு. நாற்பது பிரதிகள் மீந்துவிட்டன.

தச்சர்: குறை சொல்லாதீர்கள், சார். இந்த அலமாரியில் பாரம் தாங்கும் நூல் அது ஒன்றுதான். ஆமாம், மூலையில் செய்தித்தாள் அட்டை போட்டு மறைத்து வைத்திருக்கும் ஐந்து தடித்த புத்தகங்களில் மட்டும் ஒரு பொட்டுப் பூஞ்சை இல்லையே, என்ன மருந்து தடவினீர்கள்?

எழுத்தாளர்: (அவசரமாக) அவை கட்டுரையில் சேராதவை.

தச்சர்: (பிரித்துப் பார்த்து) பொன்னியின் செல்வன்!

எழுத்தாளர்: 1950 முதல் 1954 வரை கல்கியில் வாராவாரம் வந்ததை என் தந்தை கிழித்துச் சேர்த்து, பாகத்துக்கு ஒன்றாக பைண்டு செய்தது. நினைவுக்காக வைத்திருக்கிறேன். நானோ தீவிர இலக்கியக்காரன். எப்போதாவது என் மனைவி எடுத்துப் படிப்பாள்.

தச்சர்: அம்மா மூன்று மாதமாகத் திருப்பூரில் மகள் வீட்டில் இருப்பதாக நீங்கள்தானே சொன்னீர்கள்? இரண்டாம் பாகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வர்க்கி பிஸ்கட் தூள் புதிதாக உதிர்ந்திருக்கிறது. அடையாளத்துக்குச் செருகியிருப்பது போன வாரத்து மேட்டுப்பாளையம் பேருந்துச் சீட்டு. தொட்டுத் தொட்டுப் புரட்டும் புத்தகத்தில் பூஞ்சை எங்கே உட்காரும், சார்?

எழுத்தாளர்: வர்க்கி விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். மருத்துவர் வேண்டாமென்று சொல்லியிருக்கிறார்.

தச்சர்: சொல்லவில்லை. ஆனால், வந்தியத்தேவன் கப்பலில் இடி விழுந்த இடத்தில் சீட்டைச் செருகிவிட்டு உங்களால் எப்படித் தூங்க முடிந்தது? கவலைப்படாதீர்கள், அவனை அங்கே யார் வந்து காப்பாற்றுகிறார் என்றால்...

எழுத்தாளர்: சொல்லாதீர்கள்! ஆறாவது முறையாகப் படிக்கிறேன்; சுவாரசியம் கெட்டுவிடும்.

தச்சர்: அப்படியானால் கூலியில் நூறு ரூபாய் கழித்துக்கொண்டு மூன்றாம் பாகத்தை எனக்கு இரவல் கொடுங்கள். என்னுடையதில் நடுவே முப்பது பக்கங்களைக் காணவில்லை.

எழுத்தாளர்: கூலியில் இருநூறு கூட்டியே தருகிறேன், அதை மட்டும் கேட்காதீர்கள். வேண்டுமானால் என் கவிதைத் தொகுப்பில் இரண்டு பிரதிகள் எடுத்துக்கொள்ளுங்கள்.

தச்சர்: எப்படி எடுப்பது, சார்? அலமாரி சாய்ந்துவிடுமே.