டொக்டர் இல்லை, கலாநிதி

சென்ற ஞாயிற்றுக்கிழமை திருகோணமலை உவர்மலையில் நடந்த சிறிய கூட்டமொன்றுக்கு அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். பாராளுமன்றத் தேர்தலில் நிற்கும் ஒரு பெண் பேசினார். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர், சுகாதாரக் கொள்கையில் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஒலிவாங்கியில் யாரோ 'டொக்டர்' என்று சொன்னது அம்மாவுக்குப் போதுமாக இருந்தது. கூட்டம் முடிந்ததும் நேரே போய், பொலித்தீன் பையிலிருந்து கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டிவிட்டார்.

நான் வெட்கத்தில் குறுகிப்போனேன். அந்தப் பெண்ணோ சிரிக்கவில்லை. "நான் மருந்து எழுதுகிற டொக்டர் இல்லை அம்மா" என்று சொல்லிவிட்டு, கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "பிரஷர் குளிசையை மூன்று தடவை வெளியில் வாங்கச் சொல்லியிருக்கிறார்களே, வாங்கினீர்களா?" அம்மா இரண்டு தடவைதான் வாங்கியிருந்தார். எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

ஆள் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. படித்தவர்கள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சைத்தான் நான் நம்பவில்லை. நம் பாராளுமன்றத்தில் படித்தவர்களுக்கு எப்போது பஞ்சம் இருந்தது?

மூதூர்ப் பக்கத்துச் சிறிய வைத்தியசாலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். டொக்டர்மாரை அனுப்புவது கொழும்பு. கட்டடத்தையும் அன்றாட நிர்வாகத்தையும் பார்ப்பது மாகாணம். தேசியப் பாடசாலைகள் தவிர்ந்த பள்ளிக்கூடங்களும் மாகாணத்தின் கையில்தான். மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் அப்படித்தான் பிரித்தது. ஆனால் கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்ததிலிருந்து அங்கே மக்கள் தெரிவுசெய்த ஓர் ஆள்கூட இல்லை. ஆளுநரும் அதிகாரிகளும் நடத்துகிறார்கள். தேர்தல் முறையை மாற்றுகிறோம் என்று அந்த ஆண்டே சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் அதே பாராளுமன்றம் தோற்கடித்தது. பழைய முறையும் போனது, புதியதும் வரவில்லை. முடிச்சு விழுந்த இடத்தில்தானே அவிழ்க்க வேண்டும்?

கேள்வி நேரத்தில் இதைத்தான் அவரிடம் கேட்டேன். சிறுநீரக நோயாளர்களின் டயலிசிஸ் சிரமங்களைப் பற்றி அழகாகப் பதில் சொன்னார். நான் கேட்டது அது இல்லை. மறுபடி கேட்பதற்குள் தேநீர் வந்துவிட்டது.

எங்கள் மாவட்டத்துக்கு 4 ஆசனங்கள், ஆளுக்கு 3 விருப்பு வாக்குகள். ஒன்றை இவருக்குப் போடலாம் என்றுதான் மனம் சொல்கிறது. உள்ளே போனதும் மாகாண சபைத் தேர்தலுக்கு வழி திறப்பேன் என்று ஒரு வரி எழுதித் தரட்டும். துண்டுப் பிரசுரத்தை இரண்டு பக்கமும் தேடிவிட்டேன், அந்த வரி இல்லை.

அம்மாவின் கணக்கு வேறு. பிரசுரத்தை நாலாக மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருக்கிறார். அடுத்த மாதமும் குளிசை இல்லை என்றால், அந்தப் படத்தை எடுத்து நீட்டப் போகிறாராம்.