ப்ளகின் மேல் பழி போட வேண்டாம்

வேர்ட்பிரஸ் தளத்தில் ‘ஆனித் திருவிழா’ வகையைச் சொடுக்கினால் கட்டுரைகள்தான் வருகின்றன, நெல்லையப்பர் தேரோட்ட நிகழ்ச்சி வரவில்லை என்றால், தி ஈவென்ட்ஸ் காலண்டர் என்ற நிகழ்ச்சி நாட்காட்டி ப்ளகினை (தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருளை) நீக்கித் திரும்ப நிறுவச் சொல்கிறார், இதைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையாளர். வீண் வேலை. அந்த ப்ளகின் நிகழ்ச்சிகளைத் தனி போஸ்ட் டைப்பாக, அதாவது கட்டுரைகளிலிருந்து வேறான உள்ளடக்க இனமாக வைக்கிறது, அதற்கு வகைப்பட்டியலும் தனி. இரண்டு ‘ஆனித் திருவிழா’வும் பெயரில்தான் ஒன்று. டேக் (குறிச்சொல்) மட்டும் கட்டுரை, நிகழ்ச்சி இரண்டுக்கும் பொது; பலருக்கு அதுவே போதும்.

வகைதான் வேண்டுமென்றால் சைல்டு தீமின் (மூலத் தீமைத் தொடாமல் மாற்றம் செய்ய வைக்கும் துணைத் தீமின்) ஃபங்ஷன்ஸ் கோப்பில், பதிவு வகையை, அதாவது கட்டுரைகளுக்கான வகைப்பட்டியலை, நிகழ்ச்சிக்கும் சேர்த்துப் பதிந்துவிட்டு, பக்கத்துக்கான பதிவுகளை எடுக்குமுன் ஓடும் ப்ரீ கெட் போஸ்ட்ஸ் ஹூக்கில் வகைப் பக்கத்துக்கு இரண்டு போஸ்ட் டைப்பையும் கொடுங்கள். அங்கே மெயின் குவெரிதானா (பக்கத்தின் முதன்மைத் தேடல்தானா), அட்மின் பக்கம் இல்லையா என்று சோதிக்கும் வரி கட்டாயம். அதை விட்டால் வகைப் பக்கத்தில் மெனுவே காணாமல் போகும், ஏனென்றால் மெனுவும் ஒரு போஸ்ட் டைப்தான். பிறகு பழைய நிகழ்ச்சிகளைத் திறந்து பதிவு வகையை டிக் செய்து சேமிக்க வேண்டும்; தானாக ஏறாது.

நிகழ்ச்சி வகைப் பக்கமே 404 (பக்கம் இல்லை) என்று காட்டினால் செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் (முகவரி அமைப்பு) போய், எதையும் மாற்றாமல் சேமியுங்கள். ‘ஈவென்ட்ஸ்’ என்ற ஸ்லக்கில் (முகவரியின் கடைசிப் பெயரில்) வேறு பக்கம் இருந்தாலும் மோதும்.

இன்னொன்று, தேர் நிலைக்கு வந்தபிறகு அந்த வகை காலியாகத் தெரிவது பிழையே இல்லை. லிஸ்ட் வியூ வரப்போவதை மட்டுமே காட்டும், முந்தைய நிகழ்ச்சிகளுக்குப் போய்ப் பார்த்துக்கிடுங்க.